ஜொவிட்டா தேறினார்

விடைத்தாள்கள் நனைந்து வந்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

மாநில இளநிலைப் பணித் தெரிவுக் கழகத்தில் விடைத்தாள் திருத்துவது மனிதர்கள் அல்ல, ஒரு எந்திரம். கறுத்த வட்டங்களை எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருந்த அந்த எந்திரம் சில வருடங்களாக அடிக்கடி நின்றுபோனது. திறந்து பார்த்தால் உள்ளே ஈரத்தாள் சிக்கியிருக்கும். மழையும் இல்லை, கூரை ஒழுகவும் இல்லை. எழுதுகிறவர்கள் தாளின் மேல் அழுதிருக்கிறார்கள். ஐந்தாவது தடவை, எட்டாவது தடவை என்று வருகிறவர்கள் பழைய ஞாபகத்தில் கலங்கிவிடுகிறார்களாம். கழகம் உடனே வல்லுநர் குழு அமைத்தது. குழு சுவிட்சர்லாந்து வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே யாரும் அழவில்லை என்று இருநூறு பக்கத்தில் அறிக்கை கொடுத்தது. அழுகிறவர்களுக்கு வேலையைக் கொடுத்துவிட்டால் அழமாட்டார்களே என்று குழுவில் ஒருவர் கேட்டதாகவும், அவரை மறு வாரமே மீன்வளத் துறைக்கு மாற்றிவிட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு.

அப்படிப் பிறந்ததுதான் நந்தனத்தில் இருக்கும் தேர்வு பெறாதோர் மனத்தேறல் வாரியம். மூன்று முறையோ அதற்கு மேலோ தோற்றவர்கள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமானால், பழைய தோல்வியிலிருந்து மனம் தேறிவிட்டதாக அந்த வாரியத்திடம் சான்றிதழ் வாங்கி இணைக்க வேண்டும். மனம் தேறாதவர் தேர்வறைக்குள் வரக் கூடாது. எந்திரத்துக்கு ஆகாது.

மந்தைவெளி ஜொவிட்டா ஒன்பது முறை தோற்றிருந்தாள்.

ஒன்பதும் ஒவ்வொரு தினுசு. முதல் இரண்டும் பயத்தில் போனவை. நாலாவது, அரை மதிப்பெண்ணில் போனது. ஏழாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். கழகத்தின் விடைத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டங்கள். ஏ, பி, சி, டி நாலும் விடைகள். ஐந்தாவதான ஈ, ‘விடை தெரியவில்லை’. தெரியாத கேள்வியைச் சும்மா விட்டுவிட்டு வர முடியாது. தெரியவில்லை என்பதையும் கறுப்பாக்கிக் காட்ட வேண்டும். காலியாக விட்டால் மதிப்பெண் குறையும். கடைசியில் எத்தனை ஏ, எத்தனை பி, எத்தனை ஈ என்று எண்ணிக் கட்டத்தில் எழுதவும் வேண்டும். ஏழாவது முறை ஜொவிட்டா பதினொரு ஈ கறுப்பாக்கிவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதிவிட்டாள். தனக்கு எவ்வளவு தெரியாது என்பதே தெரியாதவர் என்று தாளைத் தள்ளிவிட்டார்கள்.

அடையாறில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் உட்கார்ந்து, அடுத்தவர் பல்வலியைக் கேட்டு நேரம் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. வீட்டில் அவளும் அப்பா ராஜநாயகமும் மட்டும். தனியார் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஆபரேஷனுக்குப் பயந்துகொண்டு, பூதக்கண்ணாடியை வைத்துச் செய்தித்தாளில் அறிவிப்புகள் பார்ப்பார். ஒரு டப்பா நிறையக் கறுப்புப் பால்பாயிண்ட் பேனா வாங்கி வைத்திருப்பார். வட்டத்தைக் கறுப்பாக்க அதுதான் செல்லும் என்பது விதி. மகள் அரசாங்கத்தில் இருக்கிறாள் என்று பங்குக் கோயிலில் யாரிடமாவது ஒரு தடவை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. சின்ன ஆசைதான். சின்ன ஆசைகளை வைத்துக்கொண்டுதான் மனிதர்களை இப்படி வருடக்கணக்கில் நிறுத்திவைக்க முடிகிறது.

“ஜோவி, வந்துடுச்சு. ஏப்ரல் முப்பது கடைசித் தேதி,” என்றார் மார்ச் மாதத்து ஒரு காலையில், கண்ணாடியைத் தாளின் மேல் நகர்த்திக்கொண்டே. “வயசு வரம்பு முப்பத்திரெண்டு. உனக்கு ஆகஸ்ட்ல முடியுது. அடுத்த வருஷம் போட முடியாது.”

“தெரியும் டாடி.”

“கீழ ஏதோ பொடி எழுத்துல போட்டிருக்கான். மனத்தேறல் சான்றுன்னு. அது என்ன புதுசா?”

“தோத்த துக்கம் போயிடுச்சுன்னு சர்டிபிகேட் வேணுமாம்.”

“உனக்குத்தான் துக்கமே இல்லையேம்மா,” என்றார் ராஜநாயகம் பெருமையாக. “போய்ச் சொல்லு, ஒரே நாள்ல குடுத்துடுவாங்க.”

வாரியத்தின் வாசலுக்கு எதிரில் கபாலியின் ஜெராக்ஸ் கடை. உள்ளே நடப்பது முழுவதும் தெரிந்த ஒரே ஆள் கபாலி என்று உள்ளே இருப்பவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

“இன்னாமா, தேறல் கேஸா? எத்தினி தபா?”

“ஒன்பது.”

“ஒம்போதா!” கபாலி பெஞ்சைப் பார்த்தான். “யப்பா, மூணு தபா ஆளுங்கோல்லாம் எய்ந்து எடம் வுடுங்க. சீனியர் வந்துகீது.” அவள் உட்கார்ந்ததும் விவரம் சொன்னான். “மொதல்ல நீ தோத்ததுக்கு ப்ரூப் வோணும்மா. பாஸானவனுக்கு கவர்மென்ட்டு லெட்டர் போடும். பெயிலானவனுக்கு இன்னாத்துக்குப் போடும்? அப்போ லிஸ்ட்டுல உன் பேரு இல்லன்னு நீதான் காட்டணும். இல்லாத பேரை எந்தப் பக்கத்துலன்னு காட்டுவ? அத்தொட்டு முழு லிஸ்ட்டும் ஜெராக்ஸ் எடுக்கணும். ஒம்போது வருசத்துதும். பக்கத்துக்குப் பக்கம் கெஜட்டட் ஆபீசர் பச்சை இங்க்குல ‘இப்பக்கத்தில் இவர் இல்லை’ன்னு கையெயுத்துப் போடணும்.”

மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம் வந்தது. பல் ஆஸ்பத்திரிக்கு ஒன்பது பல்லில் வேர் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஓர் அரசுக் கால்நடை மருத்துவரை ஜொவிட்டா பிடித்தாள். வாயில் மரப்பு ஊசி போட்டிருந்த நேரத்தில் கேட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை. ஒன்பது பல்லும் முடிவதற்குள் ஆயிரத்து நூற்று நாற்பது பக்கத்திலும் ஜொவிட்டா இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் மட்டும், பழக்க தோஷத்தில், ‘ஆரோக்கியமாக உள்ளது’ என்று எழுதிவிட்டார்.

அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவள் ஆறுதல் அலுவலர் கணேசமூர்த்தியின் முன்னால் போய் நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முகத்தில் எப்போதும் துக்க வீட்டுக்கு வந்தவரின் பாவம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“உங்களுக்குத் துக்கம் இருக்காம்மா?”

“இல்ல சார். நான் தேறிட்டேன்.”

கணேசமூர்த்தி பேனாவைக் கீழே வைத்தார். “அப்படிச் சொல்லக் கூடாது. தேத்துறது எங்க வேலை. நீங்களாத் தேறிக்கிட்டா அது செல்லாது. மொதல்ல துக்கம் இருக்குன்னு நான் பதிவு பண்ணணும். அப்புறம் தேத்தணும். அப்புறந்தான் தேறினார்னு எழுத முடியும்.”

“சரி சார், துக்கம் இருக்கு.”

“வாயால சொன்னா எப்படி?” மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்று விடைத்தாளை எடுத்து அவள் முகவாய்க்குக் கீழே வைத்தார். “மாதிரித் தாள். குறைஞ்சது ரெண்டு வட்டமாவது நனையணும். அழுங்க.”

ஜொவிட்டா முயன்றாள். பக்கத்து மேசையில் கே.கே. நகர் ராகேஷ், மூன்றே தோல்விக்காரன், தாளை எடுக்கும் முன்பே பொலபொலவென்று நாலு வட்டம் நனைத்துவிட்டு வணக்கம் சொல்லிப் போனான். ஜொவிட்டாவுக்கு வரவில்லை. ஒன்பது வருடத்தில் அந்தக் கிணறு தூர்ந்துபோயிருந்தது.

“அவசரமில்ல. உங்க பைலைப் பாத்துக்கிட்டே இருப்போம்,” என்று கணேசமூர்த்தி பக்கங்களைப் புரட்டினார். நாலாவது தோல்வியில் விரல் நின்றது. முகம் மலர்ந்தது. “அட, இந்த வருஷமா? நானும் இதே வருஷந்தாம்மா எழுதினேன்! மெயின் லிஸ்ட்ல கடைசிப் பேரு என்னுதுதான். உங்களுக்கு அரை மார்க்குல போச்சா? எனக்கு அரை மார்க்குல கெடைச்சுது. பூம்புகார்னு ஒரு கேள்வி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? எனக்கு அது சுத்தமாத் தெரியாது. கண்ணை மூடிட்டு ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினேன். நீங்க என்ன போட்டீங்க?”

“ஈ,” என்றாள் ஜொவிட்டா. “தெரியல. அதனால தெரியலன்னு போட்டேன்.”

“அடடா! அங்கதாம்மா தப்பு பண்ணிட்டீங்க. தெரியலன்னா தெரியலன்னா போடுவாங்க?”

தாளில் ஒரு துளி விழுந்தது. பிறகு ஒன்று. கணேசமூர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். “மூணு… நாலு… அசையாதீங்க… ஆறு! ஆறு வட்டம்மா! முதல் வகுப்பு!” எழுந்து நின்று கையைக் குலுக்கினார். இவ்வளவு சந்தோஷமாக அவளுக்காக யாரும் எழுந்து நின்றதில்லை.

அடுத்தது ஆறுதல் வகுப்பு. காலை பத்து மணி என்று போட்டிருந்தார்கள். கூடுதல் இயக்குநர் நீரஜா பன்னிரண்டே காலுக்கு வந்தார். மயிலாப்பூர்க்காரர். நல்ல பட்டுப்புடவை. மேடையில் ஏறியதும் கடிகாரத்தைப் பார்த்தார்.

“எல்லாரும் வந்துட்டேளா? சுருக்கமா சொல்லிடறேன், நாலரைக்கு எனக்கு ஒரு கச்சேரி இருக்கு. நீங்கள்ளாம் துக்கத்துல இருக்கேள்னு எழுதிக் குடுத்திருக்கா. துக்கம் யாருக்குத்தான் இல்லை? எங்காத்துல பாருங்கோ. எம் பையன் கேட்ட யுனிவர்சிடி ஒண்ணு, கெடைச்சது வேற ஒண்ணு. ரெண்டு நாள் அவன் சரியாவே சாப்பிடலை. அப்புறம் மனசைத் தேத்திண்டு அமெரிக்கா கெளம்பிப் போய்ட்டான். அவனால முடியறதுன்னா உங்களால முடியாதா? என்னையே எடுத்துக்கோங்கோ. நான் இந்த வேலைக்கு ஆசையே படலை. எங்கப்பா அப்ளிகேஷன் போட்டார், கெடைச்சுடுத்து. வேலைங்கறது அப்படித்தான் வரணும். தேடிண்டு போகப்படாது.”

நீரஜா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். 

“இன்னொண்ணு சொல்றேன், குறிச்சுக்கோங்கோ. இந்த வாரியத்துல நாப்பத்திரெண்டு பேர் வேலை பார்க்கறோம். நீங்கள்ளாம் பாஸாகியிருந்தா எங்களுக்கு இந்த வேலையே கெடையாது. உங்க தோல்வியால நாப்பத்திரெண்டு குடும்பம் நன்னா இருக்கு. இதைவிடப் பெரிய தேச சேவை உண்டா?”

பின் வரிசையில் ஒருவன் எழுந்தான். “மேடம், அந்த நாப்பத்திரண்டு வேலைக்கு எங்களையே எடுத்திருக்கலாமே?”

“எடுத்திருக்கலாம்,” என்றார் நீரஜா கனிவோடு. “ஆனா ரூல்ல எடம் இல்லை. தேத்தறவாளுக்குத் தோத்த அனுபவம் இருக்கப்படாது. எமோஷனல் ஆயிடுவா.”

பிறகு எல்லோரும் எழுந்து வலக்கையை முன்னால் நீட்டி ஆறுதல் உறுதிமொழி எடுத்தார்கள். இடம் ஒன்று, ஆட்கள் பல, அந்த ஒருவர் நான் அல்ல, அதில் எனக்கு வருத்தம் இல்லை, இருந்தாலும் வெளியே தெரிவிக்க மாட்டேன். கூடுதல் இயக்குநரின் கார் கிளம்பும் வரைக்கும் கையை இறக்க வேண்டாம் என்று மைக்கில் சொன்னார்கள்.

வகுப்பு முடிந்தால் சான்றிதழ் என்றுதான் ஜொவிட்டா நினைத்திருந்தாள். வகுப்பு முடிந்தவர்கள் உண்மையிலேயே தேறினார்களா என்று பார்க்க ஒரு தேர்வு இருந்தது. நூறு கேள்வி, அதே விடைத்தாள், அதே ஐந்து வட்டம். அரசுப் பணி என்பது: ஏ, மாயை, பி, பாரம், சி, பிறருக்கு உரியது, டி, மேற்கண்ட அனைத்தும். உங்களைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவர் வேலை பெற்றால் நீங்கள்: ஏ, வாழ்த்துவேன், பி, மிகவும் வாழ்த்துவேன். ஜொவிட்டாவுக்கு ஒரு கேள்விகூடத் தடுக்கவில்லை. இந்தத் தாளுக்காகத்தான் ஒன்பது வருடம் படித்தது போல மளமளவென்று கறுப்பாக்கிக்கொண்டே போனாள். ஈ ஒன்றுமே இல்லை. கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதி, இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள்.

நூற்றுக்கு நூறு. மாநிலத்தில் முதலிடம்.

ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி பதிவுத் தபாலில் சான்றிதழ் வந்தது. அந்த நேரத்தில் ஜொவிட்டா அடையாறில் ஒருவருடைய கடைவாய்ப் பல்லுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டு வாங்கியவர் ராஜநாயகம். ஜன்னலோரம் போய்ப் பூதக்கண்ணாடியை வைத்தார். மேலே அரசு முத்திரை. அதன் கீழே தெரிவுக் கழகத்தின் பெயர் கொட்டை எழுத்தில். நடுவில், ‘செல்வி ரா. ஜொவிட்டா தேறினார்’. ‘மனத்தளவில்’ என்ற சொல் அதற்கு மேல் வரியில், எறும்பு அளவில் இருந்தது. கண்ணாடி அந்தப் பக்கம் போகவில்லை. நூறு கேள்வித் தாள் ஒன்றை மகள் எழுதிவிட்டு வந்தது அவருக்குத் தெரியும்; அதுதான் அந்தத் தேர்வு என்று முடிவுகட்டிவிட்டார்.

தமிழில் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு குடும்பம் நடத்தக் கூடாது. பரீட்சையில் ஜெயித்தாலும் தேறினாள், துக்கத்தை விழுங்கினாலும் தேறினாள். வாரியத்துக்குப் பெயர் வைத்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

அவள் வீட்டுக்கு வந்தபோது அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் பிளம் கேக். கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் சொல்லிவிட்டு, ஞாயிறு இரண்டாம் பூசையில் நன்றியறிவிப்புக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

“டாடி, அது வந்து…”

“ஒண்ணும் சொல்லாத. நான் பாத்துட்டேன். ஒரு தடவை இல்ல, இருபது தடவை பாத்துட்டேன்.” கேக்கில் ஒரு துண்டு வெட்டி அவள் கையில் வைத்தார். “ஜோவி, நான் கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கப்போறேன். டாக்டர் கிட்டயும் சொல்லிட்டேன். நீ கழுத்துல கார்டு மாட்டிக்கிட்டு ஆபீஸ் போறதை நான் இந்தக் கண்ணாலப் பாக்க வேணாமா?”

நாலு வருடமாகக் காலில் விழாத குறையாக அவள் கேட்டும் அசையாத மனிதர். ஜொவிட்டா வாயைத் திறந்தாள், கேக்கைத் தின்றாள். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. விண்ணப்பித்து, எழுதி, இந்தத் தடவை உண்மையாகவே தேறிவிட்டால் அப்பா சொன்னது பொய்யாகாது. கொஞ்சம் முன்கூட்டியே சொன்னதாகத்தான் ஆகும். அப்படி நினைத்தபோது அவளுக்குப் பயமும் வந்தது, ஒன்பது வருடமாக இல்லாத ஒரு வெறியும் வந்தது.

அன்றைக்கே விண்ணப்பித்தாள். மூன்றாம் நாள் பதில்: ‘ஏற்கெனவே தேறியவர். நிராகரிக்கப்படுகிறது.’

கழகத்தின் மூன்றாம் கவுன்ட்டரில் ஹம்மாத் என்பவர் இருந்தார். பொறுமையானவர். கணினியை அவள் பக்கம் திருப்பியே காட்டினார்.

“பாருங்கம்மா. உங்க பேரு, நிலை: தேறினார். தேறினவங்க மறுபடி எழுத முடியாது. மத்தவங்க வாய்ப்பைக் கெடுக்கக் கூடாதுல்ல?”

“அப்போ எனக்கு வேலை ஆர்டர் குடுத்துடுங்க சார்.”

“அது நியமனப் பிரிவு. நாலாம் கவுன்ட்டர்.”

ஜொவிட்டா ஓரடி வலப்பக்கம் நகர்ந்தாள். ஹம்மாத் எழுந்து, தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, நாலாம் கவுன்ட்டர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அங்கே இருந்தவர் ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்குத்தான் கூடுதல் பொறுப்பு.

“சொல்லுங்கம்மா, என்ன விஷயம்?”

“சார், இப்பத்தானே சொன்னேன்?”

“இந்தப் பிரிவுல இப்பத்தான் பாக்குறேன்.”

அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அவர் சான்றிதழை வாங்கி, எறும்பெழுத்து வரியை விரலால் காட்டினார். “இது மனசு தேறினதும்மா. வேலைக்குத் தேறினது இல்ல. ஆர்டர் எப்படித் தர முடியும்?”

“அதையேதான் சார், அந்த நாற்காலியில உக்காந்து சொல்லுங்க. நான் வேலைக்குத் தேறலன்னு. நான் அப்ளிகேஷன் போட்டுடறேன். நாளன்னைக்குக் கடைசி நாள்.”

“ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்கு வாயால சொல்லக் கூடாதும்மா. எழுத்துலதான் போகணும்.” அவருக்கும் அவள்மேல் இரக்கம் இருந்தது. அதனால் உடனே ஒரு தாளை எடுத்து, நியமனப் பிரிவிலிருந்து விண்ணப்பப் பிரிவுக்கு, ‘ஐயா’ என்று தொடங்கி, தனக்குத் தானே ஒரு கடிதம் எழுதினார். கையெழுத்துப் போட்டு, தபால் தட்டில் வைத்தார். “நான் பர்சனலா சீக்கிரம் பாக்கச் சொல்றேன். ஏழு வேலை நாள் ஆகும்.”

“உங்க கைக்குத்தானே சார் வரப்போவுது?”

“அதுக்குன்னு நடுவுல எடுத்துப் படிக்கலாமா?” என்றார் ஹம்மாத், கொஞ்சம் வருத்தப்பட்டு.

மே பன்னிரண்டாம் தேதி பதில் வந்தது. தேறினார் என்ற பதிவை நீக்க, மனுதாரர் தாம் தேறவில்லை என்பதை நிரூபிக்கலாம். ஆனால் தேறாதவர் தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தகுதியற்றவர். மேலும் கடைசித் தேதி முடிந்துவிட்டது. மேலும் ஆகஸ்டில் மனுதாரருக்கு வயதும் முடிகிறது. கோப்பு முடிக்கப்பட்டது. கீழே ஹம்மாத்தின் கையெழுத்து இரண்டு இடத்தில் இருந்தது.

அதே வாரம் ராஜநாயகத்துக்கு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக நடந்தது. ஒரு மாதத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும், தலைக்குக் குளிக்கக் கூடாது, முக்கியமாக அழவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வேலை ஆர்டர் எப்போது வரும் என்று அப்பா தினமும் கேட்டார். வந்துவிடும் என்று ஜொவிட்டா தினமும் சொன்னாள். ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்திருப்பாள். கண் ஆறட்டும் என்று தள்ளிப்போடுவாள். கோழைத்தனம்தான். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்தபடி அதைச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

சொல்லும் வேலையைக் கணேசமூர்த்தி எடுத்துக்கொண்டார். ஒரு நாள் வீட்டுக்குப் போன் வந்தது. எடுத்தவர் ராஜநாயகம்.

“சார், உங்க பொண்ணு மாநிலத்துலயே முதலிடம்! சனிக்கிழமை நந்தனத்துல பாராட்டு விழா. பெற்றோர் அவசியம் வரணும், முன் வரிசை.”

தடுக்க முடியவில்லை. ராஜநாயகம் ஓய்வு பெற்ற அன்று போட்ட கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பையில் பழக்கம் போல ஒரு கறுப்புப் பேனா. ஆட்டோ ஆழ்வார்பேட்டை தாண்டும்போது ஜொவிட்டா அவர் கையைப் பிடித்தாள்.

“டாடி, ஒண்ணு சொல்லணும். அந்த சர்டிபிகேட்…”

“இப்ப எதுவும் பேசாதம்மா. எனக்கு அழுகை வந்துடும். டாக்டர் அழக் கூடாதுன்னிருக்கார்.” அவர் கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். புதுக் கண். ஒரு எழுத்து தப்பவில்லை. அவள் கையை விட்டுவிட்டாள்.

மண்டபத்தில் முன் வரிசையில் உட்கார்ந்ததும் மேடைப் பதாகையைப் படித்தார். “தேர்வு… பெறாதோர்…” நிறுத்தினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். “பெறாதோர்னு போட்டிருக்கே. தப்பா அடிச்சிட்டாங்களா?”

ஜொவிட்டா பதில் சொல்வதற்குள் அவளை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நீரஜா சால்வை போர்த்தினார். மைக்கைப் பிடித்தார்.

“இந்தப் பொண்ணை எல்லாரும் நன்னா பாருங்கோ. ஒம்போது தடவை தோத்திருக்கா. வயசும் முடியப்போறது. இனிமே இவளுக்குக் கவர்மென்ட் வேலைங்கறது இந்த ஜென்மத்துல கெடையாது. ஆனா மூஞ்சியைப் பாருங்கோ! ஏதாவது தெரியறதா? ஒண்ணும் தெரியலை! நூத்துக்கு நூறு தேறியிருக்கா. இதுதான் எங்க வாரியத்தோட சாதனை.”

கைதட்டல் எழுந்தது. நாற்பத்திரண்டு பேரும் தட்டினார்கள். ஜொவிட்டா முன் வரிசையைப் பார்த்தாள். அப்பா தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

“ஜோவி,” என்றார் மெதுவாக. “தேறினார்னு போட்டிருந்துச்சே?”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர், “கேக் வாங்கி எல்லாருக்கும் குடுத்துட்டேனேம்மா,” என்றார். புதுக் கண்கள் இரண்டும் நிறைந்தன.

“சார், அப்படியே இருங்க! அசையாதீங்க!”

கணேசமூர்த்தி நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து ஓடி வந்து, சட்டைப் பையிலிருந்து மாதிரித் தாளை எடுத்து ராஜநாயகத்தின் முகவாய்க்குக் கீழே நீட்டினார். டப் டப்பென்று விழுந்தது. “அஞ்சு… ஒம்போது… பதினொண்ணு! மேடம், பதினொரு வட்டம்! வாரியம் ஆரம்பிச்சதுலேர்ந்து இவ்வளவு வந்ததில்ல!” மேடையிலிருந்து நீரஜா ஆர்வமாக எட்டிப் பார்த்தார். கணேசமூர்த்தி ஒரு படிவத்தை எடுத்து ராஜநாயகத்தின் மடியில் விரித்தார். துக்க வீட்டு முகம் அவருக்குத் தானாகவே வந்துவிட்டது.

“சார், நீங்க இன்னைக்கே விண்ணப்பிச்சிடலாம். வயசாச்சேன்னு யோசிக்காதீங்க. இதுக்கு மட்டும் வயசு வரம்பே கிடையாது.”

ராஜநாயகம் நாற்பது வருடம் மாணவர்களிடம் படிவத்தை ஒழுங்காக நிரப்பு என்று சொன்னவர். கோட்டுப் பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்தார். பெயர் எழுதினார். முகவரி எழுதினார். துக்கத்துக்குக் காரணம் என்ற இடத்தில் கை நின்றது. அங்கேயும் ஐந்து வட்டங்கள். ஏ, சொந்தத் தோல்வி. பி, உறவினர் தோல்வி. சி, இயற்கை. டி, காரணம் இல்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தார். எழுத்தெல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது.

“எதைக் கறுப்பாக்கணும் ஜோவி? எனக்கு ஒண்ணும் புரியல. அப்படியே விட்டுடட்டுமா?”

ஜொவிட்டா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சால்வை ஒரு தோளிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. பேனா பிடித்த அவர் கையைத் தன் கையோடு சேர்த்துப் பிடித்து, ஐந்தாவது வட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

“காலியா விடக் கூடாது டாடி,” என்றாள். “மார்க் குறைஞ்சிடும்.”